ஆறாவது கோப்பு

சந்தேகப்படுவதற்கே எனக்குச் சம்பளம். அதை நான் மறைப்பதில்லை. மருதமுனையில் எங்கள் வாசலுக்கு வரும் மீன்காரர், நான் கேற்றைத் திறக்குமுன்பே செவுளைத் தூக்கிக் காட்டத் தொடங்கிவிடுவார். "நீங்களே பாருங்க புள்ள, மறுகா என்னக் கொற சொல்லப்படா" என்பார். பார்ப்பேன். பார்த்த பிறகு ஒரு தரம் மணந்தும் பார்ப்பேன். என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. கொழும்பில் ஒரு சிறிய நிறுவனம், ஆலைகளுக்கும் குளிர்சாதன அறைகளுக்கும் உள்ளங்கையளவு கணினிப் பலகைகள் செய்கிறது. அந்தப் பலகையில் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற நிரலுக்குக் கர்னல் என்று பெயர். அதற்குக் கண் கிடையாது. எந்த முனையில் எந்தக் கருவி பொருத்திப் பூட்டியிருக்கிறது, அந்த முனையில் மின்னழுத்தம் ஏறினால் ஆபத்தா இறங்கினால் ஆபத்தா என்று அதற்குத் தானாகத் தெரியாது. நாம் ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதை வன்பொருள் விவரக் கோப்பு என்கிறோம். அதில் பொய் எழுதினால் கர்னல் பொய்யைத்தான் நம்பும். நல்ல பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை கேட்காது.

எங்கள் கோப்புகள் பொதுவெளியில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி மெயிலில் அனுப்பலாம். அதை வரி வரியாக வாசித்து, கேள்வி கேட்டு, சரி என்றால் கீழே என் பெயரைப் போட்டு ஏற்றுக்கொள்வது என் பொறுப்பு. பெயர் போடுவதை நான் விளையாட்டாக எடுப்பதில்லை. நிக்காஹ் வீட்டில் சாட்சிக்கு ஒப்பம் வைக்கிற மாதிரித்தான் அதுவும். கண்ணால் காணாததற்கு ஒப்பம் வைக்கக்கூடாது என்று எனக்குள் ஒரு கறார் உண்டு. உண்டு என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

அந்தத் திருத்தம் ஒரு மாரிகால முற்பகலில் வந்தது. ஒரேயொரு சொல்லை மாற்றச் சொல்கிற திருத்தம்.

எங்கள் நிறுவனம் நெல் ஆலைகளுக்கென்று ஒரு பெட்டி செய்கிறது. நெல் அவிப்பதற்கு நீராவி வேண்டும், நீராவிக்குப் பொயிலர் வேண்டும். பொயிலரில் தண்ணீர் அளவுக்குக் கீழே போனால் இரும்பு பழுக்கும், பிறகு வெடிக்கும். தண்ணீர் குறைந்ததும் சைரன் அடிப்பதுதான் அந்தப் பெட்டியின் வேலை. எங்கள் பக்கத்து ஆலைகளில் அதுவரை ஐந்து பெட்டிகள் பூட்டியிருந்தோம். ஒவ்வொரு முறையும் பலகை கொஞ்சம் மாறியதால், ஐந்து பலகைக்கு ஐந்து கோப்பு. ஆறாவது பெட்டி புதிதாக அட்டாளைச்சேனையில் ஓர் ஆலைக்குப் போயிருந்தது.

கோப்பில், தண்ணீர் மட்டம் பார்க்கும் வரியில், எந்த நிலை வந்தால் சைரன் அடிக்க வேண்டும் என்று ஒரு சொல் இருக்கும். முனையின் மின்னழுத்தம் 'தாழ்' நிலைக்கு வந்தால் அடி என்று ஐந்து கோப்பும் சொல்லின. ஆறாவதும் அதையேதான் சொன்னது. வந்த திருத்தம், ஆறாவதில் மட்டும் அதை 'உயர்' என்று மாற்றச் சொன்னது.

எனக்கு உடனே மூக்கில் வியர்த்தது. முதலாவது, அந்த மெயிலின் ஆங்கிலம் அளவுக்கு மீறி வழவழப்பாக இருந்தது. இப்போதெல்லாம் இயந்திரத்திடம் எழுதி வாங்கி, தானே கண்டுபிடித்தது மாதிரி அனுப்புகிறவர்கள் ஈசல் மாதிரிப் பெருகிவிட்டார்கள். இல்லாத குறையைக் கண்டுபிடித்து, இருக்கிற ஒழுங்கைக் குலைத்து, நன்றியும் சொல்லி அனுப்புவார்கள். இரண்டாவது, ஐந்து கோப்பு ஒன்றுபோல் இருக்க ஒன்று மட்டும் எப்படி வேறாக இருக்க முடியும்? எல்லாவற்றிலும் சென்சார் ஒன்றே, அதைப் பூட்டும் வரைபடமும் ஒன்றே. மூன்றாவது, அந்தப் பெயரை நான் முன்பு கண்டதில்லை.

நறுக்கென்று பதில் எழுதினேன். மற்ற ஐந்து கோப்புகளும் 'தாழ்' என்றிருக்க, இது மட்டும் மாறுவதற்கு ஆதாரம் என்ன? எந்தக் கருவியால் அளந்தீர்கள்? நீங்களே அளந்தீர்களா?

பதில் இரண்டு வரியில் வந்தது. மீற்றரால் அளந்தேன், நானே அளந்தேன். அவ்வளவுதான். முதல் மெயிலில் அத்தனை அழகாக எழுதிய ஆள், கேள்வி கேட்டதும் இரண்டு வரிக்குச் சுருங்கினால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? கோப்புகளுக்கிடையே முரண்பாடு உண்டாகிறது என்று காரணம் காட்டித் திருத்தத்தைத் திருப்பி அனுப்பினேன். முரண்பாடு என்ற சொல்லை எழுதும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. ஐந்தாறு கோப்பை வரிசையில் வைத்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வைப்பதில் எனக்கு ஒரு பெருமையே உண்டு.

மறுநாள் அதே ஆளிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு மெயில் வந்தது. இம்முறை தமிழில், அக்கா முறை வைத்து.

"ராத்தா, நீங்க கல்முனப் பக்கம் எண்டு கேள்விப்பட்டன். நான் அட்டாளச்சேனயில ரிப்பேர் கடை வெச்சிரிக்கன். எனக்கு இங்கிலீஸ் வராது, அத மெசினக் கொண்டு எழுதுவிச்சது உண்மதான். அளந்தது நான். இஞ்ச பொயிலர்ல தண்ணி நெறஞ்சா சைரன் கத்துது, கொறஞ்சா வாய மூடிக்கிட்டு இரிக்கி. கீழ ஒராள் நின்டு அடுப்புக்கு உமி போடுறார். அவருக்குப் புள்ளயள் இரிக்கி. நீங்க கோப்பு பாக்கிறீங்க, நான் அந்த மனிசனப் பாக்கிறன்."

கடைசி வரி எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. இயந்திரத்திடம் எழுதி வாங்கியதை ஒப்புக்கொண்டுவிட்டு எனக்கே பாடம் நடத்துகிறாரா? ஆனால் உமி போடுகிற மனிதர் என் தலையை விட்டுப் போகவில்லை. அந்த ஆள் சொல்வது மெய்யென்றால் பொயிலருக்குக் கீழே ஒருவர் நம்பக்கூடாததை நம்பி நிற்கிறார். பொய்யென்றால், அவர் சொல்கிறபடி மாற்றினாலும் அதே கதிதான். இரண்டில் ஒன்றை நான் தீர்க்க வேண்டும்.

முதலில் நான் சந்தேகித்தது பூட்டிய கையை. முந்திய ஐந்து பெட்டிகளையும் பூட்டியவர் என் தங்கையின் கணவர். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. என் வீடும் தங்கையின் வீடும் ஒரே வளவில், நடுவில் ஒரு கிணறு. மாப்பிள்ளைமார் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார்கள். அதில் தங்கையின் கணவர் மனைவியின் மூத்த சகோதரியோடு முகத்துக்கு முகம் நின்று வளவளவென்று கதைப்பது மரியாதையில்லை. ஏதும் சொல்வதென்றால் தங்கையிடம் சொல்வார், தங்கை எனக்குச் சொல்வாள். பதில் அதே வழியில் திரும்பிப் போகும். நிறுவனத்துக்கு அவரைச் சிபாரிசு செய்தது நான்தான். ஆனால் வேலை விஷயமும் அந்தக் கிணற்றைச் சுற்றித்தான் போய் வந்தது.

தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பெட்டி பூட்டினதுல ஏதும் கரச்சல் இரிந்ததா எண்டு ஒங்கட ஆளுக்கிட்டக் கேளு."

அவள் போய்ச் சட்டென்று திரும்பி வந்தாள். கேட்டிருக்கவே நேரம் போதாது. "ஒரு கரச்சலும் இல்லயாம் ராத்தா. அஞ்சும் நல்லா வேல செய்யுதாம்." சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடியில் காய்ந்திருந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். அது என்னுடைய துணி.

என்னுடைய துணியை அவள் அதற்கு முன் மடித்ததாக எனக்கு நினைவில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆறாவது பெட்டியைப் பூட்டும் வேலை தன் கையை விட்டு அட்டாளைச்சேனைக்கு, மெயில் எழுதிய இந்த ரிப்பேர்க்கடைக்காரருக்குப் போனதில் தங்கையின் கணவருக்கு மனத்தாங்கல் இருந்தது எனக்குத் தெரியும். அதற்காக எதையாவது மறைக்கிறாரோ? அல்லது அந்த ஆள்தான் இவருடைய வேலையைக் குறை சொல்லி ஐந்து ஆலையையும் பிடிக்கப் பார்க்கிறாரோ? இரண்டு பேரையும் மாறி மாறிக் கூண்டில் ஏற்றினேன். மூன்றாவதாக ஓர் ஆளை ஏற்றலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சனிக்கிழமை கணவரின் மோட்டார் சைக்கிளில் ஏறி அட்டாளைச்சேனைக்குப் போனேன். வழி நெடுக வயலில் தண்ணீர் நின்றது. நிந்தவூர் தாண்டும்போது, "பொய் சொல்றானெண்டு தெரிஞ்சா என்ன செய்யப் போறீங்க?" என்று கணவர் கேட்டார். "முகத்துக்கு நேரயே சொல்லுவன்" என்றேன். "மெய் எண்டா?" என்றார்.

ரிப்பேர்க்கடைக்காரர் நான் நினைத்ததைவிட இளையவர். என்னைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டார். பெட்டியோடு வந்த மேலதிகச் சென்சார் ஒன்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளி தண்ணீரையும் மேசையில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார். நான் நம்பமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போதுதான் அந்தச் சென்சாரை நான் முதன்முதலாகக் கையில் எடுத்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. மூன்று வருடமாக அதைப் பற்றிய கோப்புகளுக்குப் பெயர் போட்டுக்கொண்டிருந்தவள், அதைத் தொட்டது அன்றுதான். ஒரு சிறிய உருக்குத் தண்டு, அதில் மேலும் கீழும் ஓடுகிற ஓர் உருண்டை மிதவை. அவ்வளவுதான்.

"தண்ணி நெறய இரிக்கக்குள்ள மிதவை மேல நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே தண்டை வாளிக்குள் விட்டார். "அப்ப உள்ளுக்க இரிக்கிற கரண்ட் தொடுப்பு மூடியிரிக்கும். மீற்றரப் பாருங்க, தாழ். தண்ணி கொறஞ்சா மிதவை கீழ வரும், தொடுப்பு விட்டுரும்." தண்டை வெளியே எடுத்தார். மீற்றரில் எண் ஏறியது. "உயர். ஆபத்து எண்டா உயர்தான் ராத்தா. இத வேணுமெண்டே இப்பிடிச் செஞ்சிரிக்காங்க. ஏன் எண்டு பாருங்க." சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கினார். மீற்றர் உயர்விலேயே நின்றது. "வயர் அறுந்தாலும் உயர்தான். அறுந்தாலும் சைரன் அடிக்கும். ஆக்கள் ஓடிவந்து பாப்பாங்க. ஒங்கட கோப்புப் படி வயர் அறுந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியா."

"நீங்க வெச்ச மிதவை தலைகீழா இரிக்கில்ல எண்டு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்டது நியாயமான கேள்வி, ஆனால் என் குரல் நியாயமாக இல்லை.

அவர் மிதவையைத் திருப்பிக் காட்டினார். அதில் ஓர் அம்புக்குறி பொறித்திருந்தது. அம்பு மேலே பார்க்க வேண்டும் என்று பெட்டியோடு வருகிற தாளில் படம் இருந்தது. அந்தப் படத்தை எங்கள் நிறுவனம்தான் அச்சடித்தது.

அந்த இடத்தில் எனக்கு ஞாபகம் வந்தது. முதலாவது பலகை கொழும்பிலிருந்து வந்தபோது அதனோடு சென்சார் வரவில்லை. நான் பொறுமையில்லாமல், வீட்டில் கிடந்த அழைப்புமணிச் சுவிட்ச் ஒன்றைக் கழற்றி, மிதவைக்குப் பதிலாகப் பூட்டினேன். அழுத்தினால் சைரன் அடிக்க வேண்டும் என்று எழுதினேன். அழுத்தினேன், அடித்தது. சந்தோஷமாகப் பெயர் போட்டேன். சுவிட்ச் அழுத்தினால் தொடுப்பு மூடும். மிதவையோ ஆபத்து வந்தால் தொடுப்பைத் திறக்கும். இரண்டாவது கோப்பை முதலாவதைப் பார்த்து எழுதினேன், மூன்றாவதை இரண்டாவதைப் பார்த்து. ஐந்தும் ஒன்றுபோல் இருந்ததற்குக் காரணம் ஐந்தும் சரி என்பதல்ல. கோப்புக்குக் கோப்பு ஒத்துப்போகிறதா என்று கண்ணில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தேன். கோப்பு பொருளோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

"பிழை என்ட பக்கம்தான்" என்று சொன்னேன். அவர் பெருந்தன்மையாக வாளித் தண்ணீரை வெளியே ஊற்றப் போனார்.

திரும்பி வரும் வழியில் எனக்கு வேறொரு குளிர் பிடித்தது. கோப்பு பிழையென்றால், அந்த ஐந்து ஆலையிலும் தண்ணீர் நிறைந்திருக்கும்போதே சைரன் கத்தியிருக்க வேண்டும். ஒரு முறைப்பாடும் வரவில்லையே. ஐந்தும் நல்லா வேல செய்யுதாம் என்று தங்கை சொன்னாளே. எப்படி?

வீட்டுக்கு வந்ததும், அபாயாவைக் கூடக் கழற்றாமல் நேரே கிணற்றைத் தாண்டிப் போனேன். தங்கையின் கணவர் முற்றத்தில் கைகழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல் ஒதுங்கி உள்ளே போகப் பார்த்தார்.

"தம்பி, நில்லுங்க. மிதவைய எப்பிடிப் போட்டீங்க?"

அவர் நிலத்தைப் பார்த்தார். தங்கை குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து வாசலில் நின்றாள்.

"தலைகீழாத்தான் ராத்தா" என்றார். "மொத மில்லுல பூட்டக்குள்ள தண்ணி நெறய இரிக்கக் கத்திச்சி. கழட்டித் திருப்பிப் போட்டன். சரிவந்திச்சி. மறுகா எல்லாத்துலயும் அப்பிடியே போட்டன்."

"ஏன் எனக்கிட்டச் சொல்லல்ல?"

"ராத்தாட எழுத்துல பிழை எண்டு நான் எப்பிடிச் சொல்ற?"

தங்கை முந்திக்கொண்டாள். "இவர் சொன்ன. ராத்தாக்கிட்டச் சொல்லு எண்டு என்னட்டச் சொன்ன. நான்தான் சொல்லல்ல. அண்டைக்கு நீங்க ஆரோ ஒருத்தன் ஒங்கட கோப்புல கொற சொன்னதெண்டு ரெண்டு நாளா ஒருத்தரோடயும் கதைக்கல்ல. உம்மாக்கும் ஏசினீங்க. நான் பயந்து பேசாம இரிந்துட்டன். வேல செய்யுதுதானே எண்டு நெனச்சன்."

எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வருகிற அழுகையல்ல. ஊர் உலகம் எல்லாம் என்னிடம் எதையோ மறைக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். மெய்தான், மறைத்தார்கள். மறைக்க வைத்தது நான். என் பிழையை நான் எழுதினேன், அதற்குப் பொருத்தமாக ஓர் ஒழுக்கமுள்ள மனிதர் இன்னொரு பிழையைச் செய்து வைத்தார், இரண்டும் சேர்ந்து மூன்று வருடம் சரி மாதிரியே ஓடின. வயர் அறுகிற நாள் மட்டும் அது சரி இல்லை.

ஆறு கோப்பிலும் அந்த வரியை நீக்கி, எல்லாக் கோப்பும் உள்வாங்குகிற பொதுக் கோப்பில் ஒரே ஒரு தரம் 'உயர்' என்று எழுதினேன். இனிமேல் ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதும் வேலையே இருக்காது. பிழையை உண்டாக்கிய பழைய திருத்தம் எது என்று குறிப்பிடும் வரியில் என்னுடைய முதல் திருத்தத்தின் எண்ணைப் போட்டேன். கண்டுபிடித்தவர் என்ற வரியில் அட்டாளைச்சேனைக்காரரின் பெயர். வாசித்துப் பெயர் போடும்படி அவருக்கே அனுப்பினேன். உடனே போட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

போடவில்லை. "அஞ்சு மில்லுலயும் மிதவை தலைகீழா இரிக்கி எண்டு நீங்கதான் சொல்றீங்க" என்று எழுதினார். "அதத் திருப்பாம இந்தத் திருத்தம் அங்க போனா, தண்ணி கொறயக்குள்ள கத்தாது. முதல்ல திருப்புங்க. திருப்பினத்த நீங்க கண்ணால பாத்தீங்களெண்டு எழுதுங்க. மறுகா பேர் போடுறன்."

என்னை ஒருவர் நம்பாமல் கேள்வி கேட்டு, அதற்கு எனக்குக் கோபம் வராத முதல் சம்பவம் அது.

மிதவையை மட்டும் திருப்பினால் சைரன் கத்தும், ஆட்கள் பழையபடி மாற்றிவிடுவார்கள். கோப்பை மட்டும் மாற்றினால் வாயை மூடிவிடும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நடக்க வேண்டும். ஆறாவதில் மிதவை நேராகவே இருந்ததால் அங்கே கோப்பை மாற்றினால் மட்டும் போதும். வெள்ளிக்கிழமைகளில் ஆலைகளில் நெருப்பு மூட்டுவதில்லை, வியாழன் பின்னேரமே அணைத்துவிடுவார்கள். அதனால் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தோம். மில் முதலாளிமாரிடம் தங்கையின் கணவர் சொல்லி வைத்தார். அவரும் தங்கையும் ஆட்டோவில், நானும் கணவரும் மோட்டார் சைக்கிளில். நான் லெப்டொப்பைப் பெட்டியோடு பொருத்திப் புதிய கோப்பை ஏற்றுவேன். தங்கையின் கணவர் ஏணியில் ஏறி, பொயிலரின் பக்கத்தில் மிதவை நிற்கிற குடுவைக்கு வருகிற தண்ணீரை அடைத்து, மிதவையைக் கழற்றித் திருப்பிப் போடுவார். பிறகு தண்ணீரை விட்டும் இறக்கியும் பார்ப்போம். கடைசியாக வயரைப் பிடுங்கிப் பார்ப்போம். ஜும்ஆவுக்கு முன் இரண்டு ஆலை முடிந்தது. சாப்பிட்ட பின் இன்னும் இரண்டு. நாலும் நாங்கள் எழுதியபடியே கத்தின, எழுதியபடியே நின்றன. தங்கையின் கணவர் அப்போதும் எனக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. "சரியாம்" என்று தங்கைதான் கீழேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவது ஆலைக்கு அஸர் தொழுகை நேரம் போய்ச் சேர்ந்தோம். அங்கே உமி போடுகிறவர் ஆலைக்குப் பக்கத்திலேயே குடியிருப்பவர். ஐம்பது வயதிருக்கும். எங்களுக்காக வந்து கதவைத் திறந்துவிட்டு, தோளில் துவாயோடு ஒரு பக்கமாக நின்றார். பொயிலர் ஆறிக் கிடந்தது. நான் கோப்பை ஏற்றினேன். தங்கையின் கணவர் மிதவையைத் திருப்பிப் போட்டு, குடுவைக்கு வருகிற தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார்.

சைரன் கத்தத் தொடங்கியது.

தண்ணீர் வந்து நிறையும்வரை கத்தும் என்று காத்திருந்தோம். நிற்கவில்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். காது கிழிந்தது. ஏணியிலிருந்து தங்கையின் கணவர் என்னை நேரே பார்த்தார்.

"ராத்தா, இது பிழை!"

தங்கையைப் பார்த்துச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னார். சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் சொன்னார். "இரிக்கும் தம்பி, பாக்கிறன்" என்று நானும் கத்தினேன். கோப்பைத் திறந்து வாசித்தேன். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருக்கிறது என்பதை இப்போது நான் நம்பவில்லை. "வயரப் பாருங்க" என்றேன்.

அவர் வயரைத் தொட்டுக்கொண்டே பொயிலரின் பின்பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் கையில் அறுந்த முனையோடு வந்தார். நீராவிக் குழாயில் பட்டு, உறை உருகி, செம்பு கருகிப் பச்சை பிடித்திருந்தது. நேற்று அறுந்ததல்ல. நாங்கள் பூட்டி வைத்திருந்த பழைய ஒழுங்கின்படி, அது அறுந்த நாளிலிருந்து அந்தச் சைரன் செத்துத்தான் கிடந்திருக்கிறது. அவர் புது வயரை இழுத்துப் பூட்டினார்.

சைரன் அப்போதும் நிற்கவில்லை.

இப்போது நான் உறுதியாக நினைத்தேன், திரும்பவும் பிழை விட்டுவிட்டேன் என்று. நாலு ஆலையிலும் ஏதோ குருட்டு வாக்கில் சரிவந்திருக்கிறது, இங்கே என் வண்டவாளம் வெளியே வருகிறது. லெப்டொப்பை மூடவா திறக்கவா என்று தெரியாமல் நின்றேன். தங்கை என் தோளைப் பிடித்தாள்.

உமி போடுகிறவர் மெல்ல நடந்து பொயிலரின் முன்பக்கம் போனார். அங்கே தண்ணீர் மட்டம் காட்டுகிற ஒரு கண்ணாடிக் குழாய் நிமிர்ந்து நின்றது. புகை படிந்து கறுத்திருந்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. தோளிலிருந்த துவாயை எடுத்து அழுத்தித் துடைத்தார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கையால் கூப்பிட்டார்.

குழாயில் ஒரு சிவப்புக் கோடு. அதற்குக் கீழே தண்ணீர் போனால் பொயிலரை எரிக்கக்கூடாது. தண்ணீர் கோட்டுக்குக் கீழே, நாலு விரல் இறக்கத்தில் நின்றது. நேற்றுப் பின்னேரம் நெருப்பணைக்கும்வரை பொயிலர் இந்தத் தண்ணீரோடுதான் எரிந்திருக்கிறது.

"முந்தி இதக் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்காத் தொடச்சிப் பாப்பன் புள்ள" என்றார் அவர் என் காதருகே. "இனிக் கொறஞ்சா அது கத்தும், நீங்க பாக்கத் தேவல்ல எண்டு பெட்டி பூட்டக்குள்ள சொன்னாங்க. அதுலரிந்து பாக்கிறல்ல."

குறை சொல்கிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னால் சைரன் கத்திக்கொண்டே இருந்தது. ஒருவரும் அதை நிறுத்தப் போகவில்லை.